தண்ணீரில் கட்டிய படகில் தார்ப்பாய் நிற்க மாட்டேன் என்கிறது

கேள்வி:
பழவேற்காடு ஏரியில் என் 24 அடி ஃபைபர் படகு கட்டிக் கிடக்கிறது. வாடைக்காற்று தொடங்கியதும் நீலத் தார்ப்பாய் போர்த்தி, அதன் ஓரத்து ஓட்டைக் கண்களில் கயிறு கோத்துக் கட்டினேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் நாலு கண் பிய்ந்து, பாதிப் பாய் தண்ணீரில். மீதியில் குளம் மாதிரி மழைத்தண்ணீர். கரையில் என்றால் படகுக்கு அடியில் கயிறு கொடுக்கலாம். இங்கே?

பதில் 1:
இங்கேயும் கொடுக்கலாம் அண்ணே. கயிற்றின் நடுவை அணியத்துக்கு (படகின் முன்முனை) முன்னால் தண்ணீரில் முக்கி, பக்கத்துக்கு ஓர் ஆளாகப் பிடித்துக்கொண்டு படகின் பின்பக்கம் நோக்கி நடங்க. நைலான்தான் முங்கும், பிளாஸ்டிக் கயிறு மிதக்கும். இன்ஜின் விசிறிக்கு எட்டாமல் நிறுத்துங்க. மாசக்கணக்கில் விட்டால் கயிற்றில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கடல் உயிரி) பிடிக்கும்.

பதில் 2:
கண்ணை நம்பாதீங்க. பாய்க்குள் ஒரு கூழாங்கல்லை வைத்து, வெளியே கழுத்து மாதிரிச் சுருக்குப் போடுங்க, கிழியாது. நடுவில் நீளவாக்கில் ஒரு மூங்கில், கூரை முகடு மாதிரி. தண்ணீர் தேங்கினால் எந்தக் கட்டும் தாங்காது.

பதில் 3:
நான் விளிம்பில் ரெண்டு லிட்டர் பாட்டில்களைத் தொங்கவிடுகிறேன். உள்ளே மணல். தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு ஏமாந்தேன், ஏரியில் தொட்டதும் கனமே இல்லை!

கேட்டவர்:
மூங்கிலும் கூழாங்கல்லும் போட்டாச்சு. நேற்று ராத்திரி மழைக்கு அசையவில்லை. அடிக்கயிறுக்குத்தான் இன்னோர் ஆள் வேண்டும், மச்சான் ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.