சாமுராய் படங்களின் உரிமை: வெளியான ஆண்டை மட்டும் பார்த்தால் போதாது

பழைய சாமுராய் படத்தைத் திரையிட நினைப்பவர்கள் வெளியான ஆண்டோடு 70-ஐக் கூட்டி, பதிப்புரிமை முடிந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். மாட்டுவது அங்கேதான். 1971-க்கு முன் வந்த ஜப்பானியப் படங்களுக்கு இரண்டு கணக்கு உண்டு. ஜப்பானின் இப்போதைய சட்டப்படி வெளியீட்டிலிருந்து 70 ஆண்டு. 1899-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயக்குநர் இறந்ததிலிருந்து 38 ஆண்டு. எது நீளமோ அதுவே செல்லும், அந்த ஆண்டின் டிசம்பர் 31 வரை.

'செவன் சாமுராய்' 1954. முதல் கணக்கில் 2024-ஓடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதன் இயக்குநர் குரோசாவா இறந்தது 1998. 38 கூட்டுங்கள்: 2036. கோபயாஷியின் 'ஹராகிரி' (1962) அப்படியே: 2032 இல்லை, 2034.

*

மேலே சொன்னதோடு 1953-ஐயும் மனதில் வையுங்கள். 70 ஆண்டு விதி 2004 ஜனவரி 1-இல்தான் வந்தது, அதுவரை 50. அன்றைக்கு உயிரோடிருந்த உரிமைக்கே நீட்டிப்பு. இயக்குநர் மிசோகுச்சி 1956-இலேயே இறந்துவிட்டதால் பழைய சட்டம் அவர் படங்களுக்குக் கைகொடுக்கவில்லை. அதனால் 1953-இல் வந்த 'உகெட்சு' 2003 கடைசி நாளோடு பொதுவுடைமை ஆனது, அதாவது யாரும் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம். மறு ஆண்டு வந்த 'சான்ஷோ' 2024 வரை தாக்குப்பிடித்தது. ஒரே ஒரு வருஷ வித்தியாசம்!

இதை நம்பி 1953-க்கு முந்தைய குரோசாவா படங்களை மலிவு டிவிடியாகப் போட்டார்கள். பட ஆசிரியர் குரோசாவா என்ற தனிமனிதரே என்று 2007 செப்டம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியென்றால் அவர் இறந்ததிலிருந்து 38 ஆண்டு கணக்குதான். விற்பனை நின்றது. 'ரஷோமோன்' படமும் அந்த வழக்குகளில் உண்டு.

*

'ரஷோமோன்' அனுமதிக்கு அதைத் தயாரித்த டையெய் நிறுவனத்தைத் தேடாதீர்கள். அது 1971-இல் திவாலானது. அதன் படங்கள் தோகுமா ஷோதென் என்ற நிறுவனம் வழியாக 2002-இல் கடோகவா நிறுவனத்துக்குப் போயின. படத்தின் தொடக்கத்தில் வரும் சின்னம் தயாரித்தவரைச் சொல்லும், இன்றைய உரிமையாளரைச் சொல்லாது.

ரீமேக் யோசிப்பவர்கள் திரைக்கதையைத் தனியாகப் பார்க்க வேண்டும். 'செவன் சாமுராய்' திரைக்கதை குரோசாவா, ஹாஷிமோதோ, ஒகுனி மூவருடையது. கடைசியாக இறந்தவர் ஹாஷிமோதோ, 2018-இல். அவரிலிருந்து 70 ஆண்டு, அதாவது 2088. இசையமைத்த ஹயசாகா 1955-இல் மறைந்தார். அப்போதைய 50 ஆண்டு கணக்கில் அவருடைய இசைக்கோவை 2005-ஓடு ஜப்பானில் பொதுவுடைமை. அதை நீங்களே வாசித்துப் பதிவு செய்யலாம். படத்திலிருந்து ஒலியை உருவி எடுத்தால் மீண்டும் 2036 கணக்குக்குள் போய்விடுவீர்கள்.

அமெரிக்காவில் திரையிட இந்தக் கணக்கு எதுவும் உதவாது. அங்கே 1954 படத்துக்கு 95 ஆண்டு, 2049 முடிய.