புகையை விட்டபின் அருகிலிருக்கும் வெளிகளைத் தேடிப் போனவர்கள்: அனுபவப் பகிர்வு

முதல் பகிர்வு

புகைப்பழக்கத்தை விட்டவர்கள், அதுவரை சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தை எதைக் கொண்டு நிரப்பினார்கள் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது பயன் தரும் என்று எண்ணி இதைத் தொடங்குகிறேன். என்னைப் பொறுத்தவரை, வீட்டிலிருந்து நடந்தோ மிதிவண்டியிலோ போய்ச் சேரக்கூடிய இடங்கள்தான் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டன. ஓர் ஏரிக்கரை, ஆற்றை ஒட்டிய பாதை, குடியிருப்புகள் முடியும் இடத்தில் தொடங்கும் சிறு குன்று, இவ்வளவுதான். நெடுந்தூரப் பயணங்களும் பெரிய மலையேற்றங்களும் நல்லவையே. ஆனால் புகையை விட்டுக்கொண்டிருப்பவருக்கு அவற்றைவிட அருகிலிருக்கும் சாதாரண இடமே பெரிய துணை என்பது என் உறுதியான கருத்து. புகைக்க வேண்டும் என்ற தவிப்பு விடுமுறை நாள் பார்த்து வருவதில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் வரும். தொலைபேசியில் யாரிடமாவது வாக்குவாதம் செய்து முடித்ததும் வரும். மாலையில் வேலை ஓய்ந்து, இனி என்ன என்று நிமிரும் அந்த நொடியில் கட்டாயம் வரும். அப்போது செருப்பை மாட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிடக்கூடிய தூரத்தில் ஓர் இடம் இருக்க வேண்டும்.

இதற்கு உடலின் இயல்பே காரணம். புகையிலையில் உள்ள, பழக்கத்துக்கு அடிமையாக்கும் பொருளான நிக்கோட்டின், இழுத்த புகையிலிருந்து சில வினாடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. நாள் முழுவதும் கை பாக்கெட்டைத் தேடிக்கொண்டே இருப்பது இதனால்தான். விட்டபின் வரும் எரிச்சல், தூக்கக் குறைவு, எதிலும் மனம் நிலைக்காமை ஆகியவை முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரங்களில் படிப்படியாகத் தணிகின்றன. ஆனால் தனித்தனியாக எழும் ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்களே நிற்கிறது. அந்தச் சில நிமிடங்களைக் கடத்திவிட்டால் அது தானாகவே இறங்கிவிடும் என்பதை அறிவால் ஏற்பது எளிது. அறைக்குள் உட்கார்ந்தபடி அதைத் தாங்குவதுதான் கடினம். சிறிது நேரம் விறுவிறுப்பாக நடந்தாலே தவிப்பு குறைகிறது என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. என் அனுபவத்தில், தெருமுனை திரும்பும்போது கடுமையாக இருந்தது, ஏரிக்கரை கண்ணில் படும்போது பாதியாகியிருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது. நடை அந்தந்த நேரத்துத் தவிப்பைத் தணிக்கும். ஆனால் நடைப்பயிற்சி மட்டுமே ஒருவரை நெடுங்காலம் புகையிலிருந்து விலக்கி வைக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. தோலில் ஒட்டிக்கொண்டால் புகையில்லாமல் சிறிது சிறிதாக நிக்கோட்டினைத் தரும் ஒட்டுப்பட்டை, அதேபோல நிக்கோட்டினைத் தரும் சூயிங்கம், வாரனிக்ளின் போன்ற மாத்திரைகள், இவற்றோடு முறையான ஆலோசனை ஆகியவற்றுக்கு அந்தச் சான்று இருக்கிறது. நான் ஒட்டுப்பட்டையை மருத்துவர் சொன்ன காலம் வரை ஒட்டிக்கொண்டேன், நடையையும் விடவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல.

வெளியே போவதில் ஒரு சிக்கலும் உண்டு. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நம்மில் பலர் புகைத்ததே வெளியில்தான். குன்றின் உச்சியில் உள்ள பாறை, ஆற்றோரத்துச் சிமென்ட் திண்ணை, நிழல் விழும் மரத்தடி என எல்லாமே "ஒன்று பற்றவைக்கலாம்" என்று நினைவூட்டும் இடங்களாகவே நமக்குள் பதிந்திருக்கின்றன. நடக்கும்போது எந்தத் தொல்லையும் இருக்காது. உட்கார்ந்த மறுகணம் கை சட்டைப்பைக்குப் போகும். உடல் களைத்து, காற்று முகத்தில் பட்டு, மனம் இளகியிருக்கும் அந்த இனிய வேளையே மிக ஆபத்தான வேளை. துயரத்திலும் கோபத்திலும் வரும் தவிப்புக்கு எதிராக நாம் முன்கூட்டியே ஆயத்தமாகிறோம். மகிழ்ச்சியில் வரும் தவிப்புக்கு யாரும் ஆயத்தமாவதில்லை.

அதற்கு நான் கண்ட வழி, ஓய்வு நேரத்தின் தொடக்கத்துக்கு வேறொரு வேலையைக் கொடுப்பது. உச்சியில் உட்கார்ந்ததும் ஷூவின் நாடாவை அவிழ்ப்பேன். உள்ளே புகுந்திருக்கும் பொடிக்கற்களைத் தட்டிவிடுவேன், காலுறையை உதறுவேன், கால்விரல்களைச் சிறிது நேரம் காற்றாட விடுவேன், பிறகு நிதானமாக ஒவ்வொரு துளையாக நாடாவைக் கோத்து இறுக்குவேன். இரு கைகளுக்கும் வேலை இருக்கும். கண்ணுக்கும் வேலை இருக்கும். முடிச்சுப் போட்டு நிமிரும்போது அந்தச் சில நிமிடங்கள் கடந்திருக்கும். அதன்பின் தண்ணீர் குடித்துவிட்டு, கீழே உள்ள வயல்களையும் கூரைகளையும் உண்மையாகவே பார்க்கத் தொடங்குவேன். சிகரெட் கையில் இருந்த காலத்தில் அந்தக் காட்சியை அதன் சாம்பலைத் தட்டும் இடைவெளிகளில் மட்டுமே பார்த்திருக்கிறேன் என்பது இப்போது புரிகிறது.

ஆற்றோரப் பாதையில் நேர்ந்த ஒரு சந்திப்பையும் சொல்ல வேண்டும். முன்பின் அறியாத ஒரு பெரியவர், வாயில் சிகரெட்டோடு என் அருகே வந்து, "தம்பி, தீப்பெட்டி இருக்குமா?" என்று கேட்டார். "இல்லைங்க ஐயா, நான் புகைப்பதில்லை" என்றேன். "விட்டுவிட்டேன்" என்றோ "குறைத்துக்கொண்டிருக்கிறேன்" என்றோ சொல்லாமல், "புகைப்பதில்லை" என்று என் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் முறை. அவர் சிகரெட்டை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, என்னோடு பாலம் வரை பேசிக்கொண்டே நடந்தார். எப்படி விட்டேன் என்று கேட்டார். ஒட்டுப்பட்டையைப் பற்றிச் சொன்னேன். அதை எந்த மருத்துவரிடம் கேட்பது என்பதையும் விசாரித்துக்கொண்டார். அவர் அதன்பின் விட்டாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அன்று பாலம் வரை அவருக்கும் தீப்பெட்டி தேவைப்படவில்லை.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதில் இன்னொரு நன்மை இருக்கிறது. உடல் மீண்டு வருவதை அந்த இடமே காட்டிக்கொடுக்கிறது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பற்றிக்கொள்வதால், தசைகளுக்குப் போக வேண்டிய ஆக்சிஜன் குறைகிறது. நிறுத்திய 12 மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு இயல்புக்குத் திரும்புவதாகவும், 2 முதல் 12 வாரங்களில் இரத்த ஓட்டமும் நுரையீரலின் செயல்பாடும் மேம்படுவதாகவும், 1 முதல் 9 மாதங்களில் இருமலும் மூச்சுத்திணறலும் குறைவதாகவும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குன்றுப் பாதையில் ஒரு திருப்பத்தில் இரட்டை வேப்பமரங்கள் நிற்கின்றன. தொடக்கத்தில் அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கிய பிறகே மேலே ஏற முடியும். பின்னர் ஒருநாள், அவற்றைக் கடந்து வெகுதூரம் வந்துவிட்டதைப் பேச்சுவாக்கில் கவனித்தேன். புதிய இடங்களாகத் தேடிப் போயிருந்தால் இந்த மாற்றம் எனக்குத் தெரிந்தே இருக்காது.

மணத்தைப் பற்றி மற்றவர்களும் எழுதுவார்கள் என்று நம்புகிறேன். முதல் மழைக்குப் பின் எழும் மண்வாசனையில் பெரும்பங்கு, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. அது மிக மிகக் குறைந்த அளவில் காற்றில் கலந்திருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். அத்தனை கூர்மையான ஒரு புலனை இவ்வளவு காலம் மழுங்கடித்து வைத்திருந்தது அந்தப் புகை.

இரண்டாம் பகிர்வு

ஐயா எழுதியிருப்பதை என் தந்தைக்கு வாசித்துக் காட்டினேன். விட்டவர் அவர்தான்; உடன் நடந்தவள் என்ற முறையில் நான் எழுதுகிறேன். அறுபதைக் கடந்த பிறகே அவர் விட முனைந்தார். "இந்த வயதில் விட்டு என்னம்மா ஆகப்போகிறது?" என்பதே அவருடைய நிலையான பதில். பிரிட்டனின் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2004-இல் வெளியான ஆய்வு முடிவுகளை அவருக்கு எடுத்துச் சொன்னேன். 60 வயதில் நிறுத்தியவர்களுக்கும், தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிடும்போது, ஆயுளில் ஏறத்தாழ 3 ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன. 50 வயதில் நிறுத்தியவர்களுக்கு 6, 40 வயதில் 9, 30 வயதில் 10. அப்பா உடனே மனம் மாறிவிடவில்லை. ஆனால் "என்ன ஆகப்போகிறது" என்ற பேச்சு அதன்பின் எழவில்லை.

குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டிய இரண்டு செய்திகளைச் சொல்கிறேன். முதல் வாரங்களில் அவருக்கு இருமல் அதிகமானது. "விட்டதால்தான் இப்படி" என்று அவர் கலங்கினார். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் புகையால் முடங்கிக் கிடந்து, நிறுத்தியபின் மீண்டும் வேலை செய்யத் தொடங்குவதால் சிலருக்கு இப்படி நேர்வதுண்டு என்று மருத்துவர் விளக்கினார். இருந்தாலும் பரிசோதித்துப் பார்த்த பிறகே அதைச் சொன்னார், அப்படிச் செய்வதே சரி. இரண்டாவது, காபி. புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரல் காஃபினைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டுகின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடுவதால், வழக்கமாகக் குடிக்கும் அதே காபி உடலில் அதிக நேரம் தங்கிப் படபடப்பையும் தூக்கக் கேட்டையும் உண்டாக்குகிறது. அப்பா காபியைப் பாதியாகக் குறைத்த பிறகு இரவில் தூங்கினார், நாங்களும் தூங்கினோம்.

அந்த எரிச்சலான வாரங்களில் வீட்டுக்குள் யார் எதைச் சொன்னாலும் சண்டையில்தான் முடிந்தது. ஆகவே மாலையில் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். பேசுவதில்லை என்று எங்களுக்குள் சொல்லாமலே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஒருநாள் அவரே நின்று, நீருக்கு மேல் நீண்டிருந்த காய்ந்த கிளையைக் காட்டி, "இந்த மீன்கொத்தி எப்போதுமே இங்கே இருந்ததா?" என்று கேட்டார். அது அசையாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. நாங்களும் அது பாயும் வரை அசையாமல் நின்றோம். புகைக்க வெளியே போகாமல் அவ்வளவு நேரம் அப்பா ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

அங்கேயே அவர் வயதை ஒத்த ஒருவரோடு பழக்கம் ஏற்பட்டது. அவரும் பல ஆண்டுகளுக்கு முன் விட்டவராம். இப்போது இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள். நான் உடன் போக வேண்டிய தேவையே இல்லை. சிகரெட்டைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதில்லை. ஏரியின் நீர்மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் நாள்தோறும் பேச்சு.

மூன்றாம் பகிர்வு

இருவருக்கும் நன்றி. எனக்கு மூட்டுவலி உண்டு என்பதால் குன்றும் நீண்ட நடையும் இயலாது. ஆற்றங்கரைப் பூங்காவில் ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சு வரை நடப்பதே என் பயணம். எனக்கு அது போதுமானதாகவே இருக்கிறது. நான் நிக்கோட்டின் சூயிங்கம் பயன்படுத்துகிறேன். அதைச் சாதாரணச் சூயிங்கம்போல விடாமல் மெல்லக் கூடாது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். மெதுவாக மென்று, காரமோ சுரீரென்ற உணர்வோ தோன்றியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். அது அடங்கியபின் மீண்டும் மெல்ல வேண்டும். விடாமல் மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய், விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, பழச்சாறு, குளிர்பானம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். வாயில் அமிலத்தன்மை கூடினால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது.

முதலில் எழுதிய சகோதரரிடம் ஒரு கேள்வி. தனியாகப் போகும்போது எனக்குச் சிரமம் இல்லை. பழைய நண்பர்களோடு போனால் அவர்கள் எல்லோரும் புகைப்பவர்கள். அவர்களை விட்டுவிடவும் மனம் வரவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்?

முதலில் எழுதியவரின் மறுமொழி

சகோதரி, இது கடினமான கேள்வி. நட்பை முறித்துக்கொள்ளச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தொடக்க வாரங்களில் மட்டும் அவர்களோடு வெளியே போவதைத் தள்ளிவைத்தேன். காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். பிறகு சேர்ந்து போனபோது கிளம்பும் முன்பே இரண்டு வேண்டுகோள்கள் வைத்தேன்: நானே கேட்டாலும் எனக்குத் தரக் கூடாது, "ஒன்றுதானே" என்று யாரும் சொல்லக் கூடாது. மீண்டும் பழக்கத்துக்குத் திரும்புபவர்களில் மிகப் பலர் அந்த ஒன்றில்தான் தொடங்குகிறார்கள். அவர்கள் பற்றவைக்கும்போது நான் முன்னால் நடந்துவிடுவேன். அடுத்த திருப்பத்தில் காத்திருப்பேன். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

காய்ந்த புல் உள்ள இடங்களில் புகைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். ஒரு துண்டு நெருப்பு போதும், குன்றின் ஒரு பக்கமே எரிந்துவிடும். சிகரெட்டின் வடிகட்டி செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது என்பதும், மண்ணில் எளிதில் மக்காது என்பதும் அவர்களில் சிலருக்கு அதுவரை தெரியாது. இப்போது ஒருவர் மூடியுள்ள சிறு டப்பா ஒன்றைக் கொண்டுவந்து துண்டுகளை அதில் போட்டுக்கொள்கிறார்.

பெஞ்சுகளுக்கு இடையே நடப்பதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் நண்பர்களை அந்தப் பூங்காவுக்கே வரச்சொல்லிப் பாருங்கள். இடமும் நடையின் வேகமும் உங்களுடையவையாக இருந்தால், எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போவதற்கு நீங்கள் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்காது.