டோக்கன் கருவி: புதுப்பிப்பு

மீட்டர் பாதை ரயில் காலக் கருவிகளைத் தன்னார்வலர்களாகச் செப்பனிட்டு வைத்திருக்கும் எங்கள் செங்கோட்டைக் காட்சிக்கூடத்தில், நீல் பந்து டோக்கன் கருவியின் (அடுத்த நிலையம்வரை செல்ல அனுமதியாக ஓட்டுநருக்குத் தரும் பந்தைப் பூட்டி வைத்திருக்கும் பெட்டி) கைப்பிடி துருவால் இறுகிவிட்டதாக முன்பு எழுதியிருந்தேன். அது தவறு, பூட்டு பழுதின்றியே இருந்தது. இரு திசை ரயில்களும் ஓடும் ஒற்றைத் தடத்தில் இரு நிலையக் கருவிகளும் கம்பியால் இணைந்து, அடுத்த நிலையம் இசைந்து மின்னோட்டம் அனுப்பினால் மட்டுமே பந்தை விடுவிக்கும். அது வெளியே இருக்கும்வரை இன்னொன்று எந்தப் பக்கமும் வராது. துணையற்ற கருவியோடு ஒரு மாதம் மல்லுக்கட்டியது எங்கள் அறியாமை. பேட்டரி வைத்து மறுமுனையைப் போலச் செய்ததும் எஃகுப் பந்து உருண்டு விழுந்தது. புனலூர் மலைப்பாதையில் 2010-இல் மீட்டர் பாதை ரயில் நின்றபின் பிறந்த பிள்ளைகள் அதைக் கிரிக்கெட் பந்தாகவே பார்க்கிறார்கள். வண்ணப்பூச்சு பாக்கி, அடியிலுள்ள பழைய நிறத்தைச் சுரண்டிப் பார்த்த பிறகே தூரிகையைத் தொடுவோம்.