கோடை விடுமுறையில் எந்த வகுப்பிலும் சேர்க்காமல் பிள்ளைகளை வீட்டிலேயே விடலாமா?

கேள்வி: ஒரு தாய், திருச்சி

எங்கள் மூத்தவள் ஆறாம் வகுப்புக்கும் இளையவன் மூன்றாம் வகுப்புக்கும் போகிறார்கள். எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் அபாகஸ், இந்தி, கீபோர்டு என்று காலையும் மாலையும் ஏதாவதொரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் பள்ளி திறக்கும்வரை இருவரையும் அவர்கள் போக்கில் விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நான் வேலைக்குப் போனாலும் மாமியார் வீட்டில் இருக்கிறார். ஆனால் இளையவன் இப்போதே "போரடிக்குது, போன் தா" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறான். உறவினர்களோ நேரத்தை வீணடிப்பதாகக் கடிந்துகொள்கிறார்கள். இப்படி விடுவது சரிதானா?

பதில்: ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

தாராளமாக விடுங்கள், அம்மா. ஆண்டு முழுவதும் மணியடித்தால் எழுந்து மணியடித்தால் உட்கார்ந்த பிள்ளைக்கு, அடுத்து என்ன செய்வது என்பதைத் தானே முடிவு செய்வது முதலில் திணறலாகத்தான் இருக்கும். அவன் போரடிக்கிறது என்று சொன்னவுடனே நீங்கள் ஒரு வேலையைத் தேடிக் கொடுத்தால், தேடுகிற பொறுப்பு கடைசிவரை உங்கள் தலையிலேயே இருக்கும். சாக்பீஸ், பழைய அட்டைப்பெட்டி, கயிறு, புளியங்கொட்டை ஆகியவற்றைக் கையெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

பாட்டி உடனிருப்பது பெரிய கொடுப்பினை. பல்லாங்குழியில் 14 குழிகள். குழிக்கு ஐந்து முத்து போட்டு ஆடும்போது, ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் "பசு" என்று அள்ளிக்கொள்ளும் பாட்டியை எப்படியாவது தோற்கடிக்க வேண்டும் என்ற வேகத்தில், எந்தக் குழியிலிருந்து எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும் என்று சிறுவன் மனத்துக்குள் எண்ணத் தொடங்குவான். நாங்கள் வகுப்பறையில் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்த மனக்கணக்கு அதுதான். மூத்தவளுக்கு ஆடுபுலி ஆட்டம் பொருந்தும்: மூன்று புலிகளை 15 ஆடுகளால் அடைப்பதற்கு நிறையப் பொறுமை வேண்டும். வடாம் பிழியும் நாளில் இருவரையும் விடியற்காலையிலேயே மொட்டைமாடிக்கு அழைத்துப் போங்கள். வெயில் ஏறுமுன் பிழிந்து முடித்ததும், நிழலில் உட்கார்ந்து காக்கை விரட்டும் பொறுப்பை அவர்களிடமே கொடுங்கள். பாதி காய்ந்த வடாத்தை அவர்கள் பிய்த்துத் தின்பார்கள், தின்னட்டும்.

பதில்: வேலைக்குச் செல்லும் தாய், சென்னை

ஆசிரியை அம்மா சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் எங்களைப் போல அடுக்குமாடிக் குடியிருப்பில் பெரியவர்கள் துணையின்றி இருப்பவர்களுக்கு, வகுப்பு என்பது பிள்ளை பாதுகாப்பாக இருக்கும் இடமும்கூட; அந்தப் பெற்றோரைக் குறை சொல்லக் கூடாது. உங்கள் வீட்டில் அந்த நெருக்கடி இல்லாததால் துணிந்து விடலாம். நீச்சலை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்பேன். ஆறும் கிணறும் உள்ள ஊரில் அது உயிர்காக்கும் பழக்கம், அதற்குக் காலையில் ஒரு மணி நேரம் போதும். கைபேசியைப் பொறுத்தவரை, எங்கள் வீட்டில் போனில் உள்ள விளையாட்டுகளை நீக்கிவிட்டு, பார்க்கும் நேரத்தை மாலையில் அரை மணி என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம். நாங்களும் வீட்டுக்கு வந்ததும் எங்கள் போனை அலமாரியில் வைத்த பிறகுதான் அந்த ஒப்பந்தம் நிலைத்தது.

பதில்: குழந்தை மருத்துவர், மதுரை

உறவினர்களுக்குச் சொல்ல ஒரு செய்தி: 1989இல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையாகவே வைத்திருக்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது. எனவே விளையாடுகிற பிள்ளையின் நேரம் வீணாகிறது என்ற பேச்சுக்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

திட்டமில்லாமல் விடுவதற்கும் கவனிக்காமல் விடுவதற்கும் வேறுபாடு உண்டு. அக்னி நட்சத்திர நாட்களில் காலை 11 முதல் மாலை 4 மணிவரை வெயிலில் ஓடவிடாதீர்கள். தாகமில்லை என்றாலும் அடிக்கடி தண்ணீரோ மோரோ கொடுங்கள். தூங்கி எழும் நேரம் மட்டும் ஓரளவு மாறாதிருக்கட்டும், இல்லையென்றால் ஜூனில் காலை எழுப்புவது பெரும்பாடாகிவிடும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. நீச்சலுக்கு மட்டும் விசாரிக்கிறேன். பல்லாங்குழிப் பலகை பரணில் இருப்பதாக மாமியார் சொல்கிறார். கிடைக்காவிட்டால் தரையில் சாக்பீஸால் வட்டமிட்டு ஆடுவதாக இளையவனிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.