கேட்-6 கேபிளுக்கு நம்பகமான ஆர்ஜே-45 கனெக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேட்டவர்:
வணக்கம். சுவருக்குள் செல்லும் கேட்-6 நெட்வொர்க் கேபிள்களின் முனைகளில் நானே ஆர்ஜே-45 கனெக்டர்களைக் கிரிம்ப் செய்து, அதாவது கருவியால் அழுத்திப் பொருத்துகிறேன். கேபிள் முழுச் செம்பாலானது, சாலிட் வகை (ஒவ்வொரு கம்பியும் ஒரே இழை). டெஸ்டரில் எட்டு விளக்குகளும் சரியான வரிசையில் எரிகின்றன. ஆயினும் சில இணைப்புகள் தொடக்கத்தில் ஒரு கிகாபிட் வேகத்தில் இயங்கிவிட்டு, சில வாரங்களில் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடுகின்றன. கனெக்டரைச் சற்று அசைத்தால் மீண்டும் சரியாகின்றன. கனெக்டர் பொட்டலத்தில் "கேட்-6, தங்க முலாம்" என்பதைத் தவிர வேறு விவரம் இல்லை. விலை கூடிய கனெக்டரை வாங்கினால் இது தீருமா? கம்பிகள் முன்பக்கத்தில் வெளியே வரும் பாஸ்-த்ரூ வகை மேலானதா?

முதல் பதில்:
நீங்கள் சொல்லும் அறிகுறியே பாதி விடையைத் தருகிறது. 100 மெகாபிட்டுக்கு கனெக்டரின் எட்டு பின்களில் (கம்பியைத் தொடும் உலோகத் தகடுகளில்) 1, 2, 3, 6 ஆகிய நான்கு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஆகவே 4, 5, 7, 8 ஆகியவற்றுள் ஏதோ ஒன்றின் தொடர்பு தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சாதாரண டெஸ்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, கம்பி தொடுகிறதா என்று மட்டுமே பார்ப்பதால், அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் பின்னையும் அது நல்லதென்றே காட்டும்.

விலையைப் பார்ப்பதற்கு முன், அந்தக் கனெக்டர் எந்தக் கம்பிக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். ஸ்ட்ராண்டட் கேபிளுக்கான (ஒவ்வொரு கம்பியும் பல மெல்லிய இழைகளாலானது) பின்னில் பெரும்பாலும் இரண்டு பற்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அவை மெல்லிய இழைகளுக்கு நடுவே குத்தி இறங்கும். சாலிட் கம்பியில் அப்படி இறங்க இடமில்லாததால், அவை பக்கவாட்டில் வழுக்கிவிடும் அல்லது கம்பியைக் கீறிவிடும். சாலிட் கேபிளுக்கான பின்னில் மூன்று பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறி விலகியிருந்து, கம்பியை இருபுறமும் இடுக்கிப் பிடிக்கும். கிரிம்ப் செய்யாத ஒரு கனெக்டரை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

அடுத்தது தடிமன். கேட்-6 சாலிட் கம்பி பெரும்பாலும் 23 கேஜ், அதாவது சுமார் 0.57 மி.மீ.; இன்சுலேஷனையும் சேர்த்தால் ஏறக்குறைய 1 மி.மீ. வரும். பெரும்பாலும் இதைவிட மெல்லிய கம்பிகள் கொண்ட முந்தைய வகையான கேட்-5இ கேபிளின் அளவில் துளையிட்ட கனெக்டருக்குள் அதைத் திணித்தால் ஏதேனும் ஒரு கம்பி முனைவரை போய்ச் சேராது. வெளியுறையின் தடிமனும் பொருந்த வேண்டும். பின்பக்கத்துப் பிடிப்பு அந்த உறையின் மேல் அழுந்தினால்தான் இழுவிசை கம்பிகளுக்குச் செல்லாது. அசைத்தால் சரியாகிறது என்பதால், இந்த இடத்தைக் கட்டாயம் பாருங்கள்.

தங்க முலாம் எத்தனை மைக்ரோ அங்குலம் என்று எழுதாத பொட்டலத்தை நான் வாங்குவதில்லை. 50 என்றால் 1.27 மைக்ரான், அடிக்கடி கழற்றி மாட்டும் கேபிளுக்கு அது உண்மையிலேயே பயன்படும். ஒரே இடத்தில் நிலையாக இருக்கும் இணைப்புக்கு, பின்னின் வடிவமும் அளவுமே முதன்மையானவை.

இரண்டாம் பதில்:
பாஸ்-த்ரூ வகையில் நிற வரிசையைக் கிரிம்ப் செய்யும் முன்பே சரிபார்க்கலாம். இணை இணையாக முறுக்கியுள்ள கம்பிகளைப் பிரிக்கும் நீளத்தையும் 13 மி.மீ.க்குள் வைத்துக்கொள்வது எளிது. ஆனால் அதற்கு வெட்டும் பிளேடு கொண்ட தனிக் கருவி வேண்டும். பிளேடு மழுங்கினால் செம்பு நுனிகள் முகப்பில் பிசிறாக நீண்டு, பக்கத்துக் கம்பியைத் தொடக்கூடும். கேபிள் வழியே மின்சாரமும் அனுப்பும் இடங்களில் இதை நான் விரும்புவதில்லை. எந்த வகையாயினும், கிரிம்ப் செய்த பிறகு, கனெக்டரின் அடிப்பக்கத்திலிருந்து பின்னின் மேல்நுனி வரையுள்ள உயரத்தை வெர்னியரில் அளந்து பாருங்கள்: அது 6.02 மி.மீ., கூடுதலோ குறைவோ 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்து நின்றால், குறை கனெக்டரில் அல்லாமல் கிரிம்ப் கருவியில் இருக்கலாம்.

கேட்டவர்:
கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பற்கள் நேர்கோட்டில் உள்ளன. பின்பக்கத்துப் பிடிப்பும் உறைக்குப் பதிலாக நிறக் கம்பிகளின் மேல் அழுந்தியிருக்கிறது. இவற்றையே மீண்டும் ஒருமுறை அழுத்திப் பயன்படுத்தலாமா?

முதல் பதில்:
வேண்டாம், வெட்டி எடுத்துவிடுங்கள். பற்களின் வடிவமே பொருந்தாதபோது கூடுதல் அழுத்தம் கம்பியைத்தான் காயப்படுத்தும். சுவருக்குள் செல்லும் கேபிளாதலால், முனையில் கனெக்டருக்குப் பதிலாகக் கீஸ்டோன் ஜாக்கை (கனெக்டரைச் செருகும் துளை) பொருத்தி, அங்கிருந்து சாதனம்வரை ஆலையில் செய்த பேட்ச் கார்டை (இரு முனையிலும் கனெக்டர் உள்ள குறுங்கேபிள்) பயன்படுத்துவதே நல்லது. ஜாக்கின் பிளவுபட்ட தகடு சாலிட் கம்பியை உறுதியாகப் பிடிக்கும். சுவர்க் கேபிளும் அசையாது. கேமரா போல நேரடியாகச் செருகியே ஆக வேண்டிய முனைகளுக்கு மட்டும், சாலிட் என்றும், 23 கேஜ் என்றும், உங்கள் கேபிளின் உறைத் தடிமனை உள்ளடக்கிய அளவும் தெளிவாக அச்சிட்ட கனெக்டர்களை வாங்குங்கள். முதலில் சிறிய பொட்டலம் ஒன்றை வாங்கி, ஒன்றைக் கிரிம்ப் செய்து, உறையைப் பிடித்து இழுத்துப் பார்த்த பிறகு மீதியை வாங்கலாம்.