சரக்குப் பெட்டியில் வந்த இன்சுலினைப் போடலாமா?

கேள்வி:
வணக்கம். இருவேளை இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் தாயாருடன் நேற்று வெளிநாடு வந்து சேர்ந்தேன். கைப்பையில் திரவங்களை அனுமதிக்க மாட்டார்கள் என்று எண்ணி, மூன்று குப்பிகளையும் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்துவிட்டேன். இப்போது உள்ளங்கைகளுக்கிடையே எத்தனை முறை உருட்டினாலும், ஒரு குப்பியின் உட்சுவரில் வெண்துகள்கள் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. மற்ற இரண்டும் வழக்கம்போல் பால் நிறமாகவே உள்ளன. அவற்றையாவது போடலாமா? இன்று காலை வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு 212.

பதில்:
மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள். சரக்கறையின் குளிரில் இன்சுலின் உறைந்துபோகக்கூடும். உறைந்து உருகிய மருந்து பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதன் வீரியத்தை நம்ப முடியாது. அதற்காக வேளையைத் தவறவிடவும் கூடாது. மருந்துச் சீட்டுடன் இன்றே அங்குள்ள மருத்துவரைப் பாருங்கள். சீட்டில் வணிகப் பெயர் மட்டும் இருந்தால் மருந்தின் பொதுப்பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். திரும்பும்போது கைப்பையிலேயே வையுங்கள். மருத்துவரின் கடிதம் இருந்தால், அவசியமான மருந்துக்கு 100 மில்லிலிட்டர் கட்டுப்பாட்டிலிருந்து பொதுவாக விலக்கு உண்டு.

கேட்டவர்:
மிக்க நன்றி. மருத்துவர் எழுதித் தர, புதிய குப்பி வாங்கிவிட்டோம். அதில் 100 என்று அச்சிட்டிருக்கிறது. நாங்கள் கொண்டுவந்த சிவப்பு மூடி ஊசிகளிலோ 40 என்று இருக்கிறது. இதனால் ஏதேனும் சிக்கல் உண்டா?

பதில்:
தயவுசெய்து அந்த ஊசியால் போடாதீர்கள். அந்த எண், ஒரு மில்லிலிட்டரில் எத்தனை யூனிட் என்பதைக் குறிக்கிறது. 40 ஊசியில் 20 யூனிட் கோடு வரை இழுத்தால் அரை மில்லிலிட்டர் ஏறும். 100 குப்பியில் அந்த அரை மில்லிலிட்டர் 50 யூனிட். இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போனால், சர்க்கரை சட்டெனச் சரிந்து நினைவே தப்பிவிடலாம். நீங்கள் நிறுத்திக் கேட்டது எனக்குப் பெரும் நிம்மதி. 100 என்று குறித்த ஊசியைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அதன் மூடி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், ஆனாலும் நிறத்தை நம்பாமல் எண்ணைப் படியுங்கள். நேர வித்தியாசத்துக்கேற்ப எந்த மணிக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தெரிந்தால், விழுங்க முடிகிற நிலையில் உடனே 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள்.

கேட்டவர்:
புதிய ஊசி கிடைத்தது. குப்பியிலும் ஊசியிலும் உள்ள எண்களை அம்மாவும் நானும் தனித்தனியே படித்துப் பார்த்த பிறகே போட்டோம். இரவு பார்த்தபோது 148.