அடுக்கு முறையில் விற்கும் வெப் ஹோஸ்டிங் தொழில்: சேரலாமா?

கேள்வி (புதியவன்):
என் மாமா ஒரு தொழிலில் சேரச் சொல்லி ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மாதாமாதம் பணம் கட்டினால் ஒரு டொமைன் (வெப்சைட் முகவரி), ஹோஸ்டிங் (வெப்சைட்டை வைக்க சர்வரில் இடம்), மின்னஞ்சல் எல்லாம் கிடைக்கும், நமக்குக் கீழே ஆள் சேர்த்தால் ஐந்து அடுக்கு வரை அடுக்குக்குப் பத்து சதவீதம் கமிஷன். சோப்பு, சத்துமாவு விற்பது மாதிரி வீட்டில் சரக்கு தேங்காது, வெப்சைட் எல்லாருக்கும் தேவைதானே என்கிறார். எனக்கு வேர்ட்பிரஸ் (வெப்சைட் உருவாக்கும் மென்பொருள்) ஓரளவு தெரியும். மாமா நல்லவர், ஏமாற்றுகிற ஆள் இல்லை, அதனால்தான் குழப்பம். எதை வைத்து முடிவு செய்வது?

பதில் (சர்வர்க்காரன்):
கமிஷனை மறந்துவிட்டு, இதே ஹோஸ்டிங்கை இதே விலைக்கு வாங்குவீர்களா என்று முதலில் யோசியுங்கள். ஐந்து அடுக்குக்குப் பத்துப் பத்து என்றால் கட்டணத்தில் பாதி மேலே போய்விடுகிறது, மீதிப் பாதியில்தான் சர்வர், பேக்கப், டொமைன் புதுப்பிப்பு, ராத்திரி இரண்டு மணிக்கு சைட் விழுந்தால் எழுந்து பார்க்கிற ஆளின் சம்பளம் எல்லாமே. ஹோஸ்டிங் கணக்குகளை நிர்வகிக்கும் மென்பொருளான சிபேனல் 2019இலிருந்து கணக்கு எண்ணிக்கையை வைத்துத்தான் உரிமக் கட்டணம் வாங்குகிறது, அதுவும் இதிலிருந்தே போக வேண்டும். கடைசியில் ஒரே சர்வரில் அளவுக்கு மீறி ஆட்களை அடைப்பார்கள். இலவச எஸ்எஸ்எல் (சைட்டின் தகவல் பரிமாற்றத்தைப் பாதுகாக்கும் சான்றிதழ்) தருகிறோம் என்பதைப் பெரிய சலுகையாகக் காட்டினால் மயங்காதீர்கள், அதை இலவசமாக வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் வந்த பிறகு அது பெரும்பாலான இடங்களில் இலவசம்தான். 99.9 சதவீதம் அப்டைம் (சைட் இயங்கும் நேரம்) என்றாலே மாதத்துக்கு 43 நிமிடம் சைட் படுத்திருக்கலாம் என்று அர்த்தம், அதையாவது எழுத்தில் தருகிறார்களா என்று கேளுங்கள்.

பதில் (பட்டவள்):
நான் இப்படி ஒன்றில் இரண்டு வருஷம் இருந்தேன், பெயர் வேண்டாம். பதினொரு பேரைச் சேர்த்தேன், அதில் ஒன்பது பேரின் டொமைனைத் திறந்தால் 'விரைவில் வருகிறோம்' என்ற பக்கம் மட்டும்தான் கடைசிவரை இருந்தது. அவர்களில் யாருக்குமே வெப்சைட் தேவையில்லை, கமிஷனுக்குத் தகுதி போகக்கூடாதே என்றுதான் மாதாமாதம் கட்டினார்கள். உண்மையாகவே பயன்படுத்தியவர் ஒருவர், அச்சகம் வைத்திருப்பவர், என்னை நம்பி விசிட்டிங் கார்டில் அந்த மின்னஞ்சலைப் போட்டிருந்தார். ஒரு தவணை தாமதமானதும் சைட்டும் மெயிலும் சேர்ந்து நின்றுவிட்டன, வாடிக்கையாளர் அனுப்பிய ஆர்டர் எல்லாம் திரும்பிப் போயிருக்கிறது. வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று பார்த்தால் டொமைன் கம்பெனி பெயரில் பதிவாகியிருந்தது, டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடான ஆத் கோட் தரவே இல்லை. அவர் முகத்தில் விழிக்க இன்றைக்கும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. தம்பி, பணம் கட்டுவதற்கு முன் டொமைன் யார் பெயரில் பதிவாகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பதில் (கணக்கு வாத்தியார்):
ஆளுக்கு ஐந்து பேர் என்று வைத்தால் ஐந்தாம் அடுக்கில் 3,125 பேர், உங்களுக்குக் கீழே மொத்தம் 3,905 பேர். அந்த 3,125 பேருக்குக் கீழே யாருமே இல்லை, அதாவது ஐந்தில் நாலு பேர் கட்டுகிறார்கள், வாங்குவதில்லை. இன்னும் ஓர் அடுக்கு சேர்த்தாலும் இதே விகிதம்தான். அப்புறம் சரக்கு தேங்காது என்ற வாதம். அமெரிக்காவில் இணையத்தில் இசை விற்ற பர்ன்லவுஞ்ச் வழக்கில் 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை பிரமிட் (ஆள் சேர்ப்பதையே நம்பிய மோசடித் திட்டம்) என்றே தீர்ப்பளித்தது. டிஜிட்டல் பொருள் என்பதால் தப்பவில்லை. வெகுமதி முக்கியமாக ஆள் சேர்ப்பதற்குக் கிடைக்கிறதா, வெளி வாடிக்கையாளருக்கு விற்பதற்குக் கிடைக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். மாமாவிடமும் அதையே கேளுங்கள்: தொழிலில் சேராமல் வெறும் ஹோஸ்டிங் மட்டும் வாங்கியவர் எத்தனை பேர்?

பதில் (சர்வர்க்காரன்):
ஒன்று சொல்ல விட்டுப்போனது. வேர்ட்பிரஸ் தெரியும் என்றால் ரீசெல்லர் ஹோஸ்டிங் (மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கும் ஹோஸ்டிங்) எடுத்து நீங்களே விற்கலாமே. விலை நீங்கள் வைப்பது, வாடிக்கையாளர் உங்களுடையவர், டொமைனை அவரவர் பெயரிலேயே பதிவு செய்யலாம். தொடங்கியதுமே லாபம் வராது, நாலு பேருக்கு ஒழுங்காகச் செய்து கொடுத்தால் மெல்ல வரும்.

கேள்வி கேட்டவர் (புதியவன்):
நேற்று மாமாவோடு உட்கார்ந்து அவர் கணக்கைத் திறந்து பார்த்தோம். கீழே பதினான்கு பேர், பதினான்கு பேருமே தொழிலில் சேர்ந்தவர்கள், வெறும் வாடிக்கையாளர் என்று ஒருவர்கூட இல்லை. மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. டொமைனும் அவர் பெயரில் இல்லை. நான் சேரப் போவதில்லை. ஆத் கோட் கேட்டு அவர் கம்பெனிக்குக் கோரிக்கை அனுப்பியிருக்கிறார், மெயிலையெல்லாம் இன்றிரவு நகல் எடுத்து வைக்கிறோம்.